மாசிலாமணிக்கு ஒரு நிமிடம்

தொலைக்காட்சியில் கபடி வர்ணனை என்றால் மாசிலாமணிதான். இருபத்தாறு வருஷம் அந்தக் குரலோடு பழகிய ஜனங்கள், போன வாரம் அவர் இறந்ததும் சொந்தத்தில் ஒருவரைப் பறிகொடுத்த மாதிரி ஆகிவிட்டார்கள்.

பக்கத்து நாற்காலியில் ஒன்பது வருஷம் உட்கார்ந்தவர் திருமாறன். இன்றைக்குத் திருச்சி ஆட்டத்துக்கு அவர்தான் முதல் குரல். ஆட்டம் தொடங்கும் முன் ஒரு நிமிடம் மாசிலாமணி அண்ணனைப் பற்றிப் பேச வேண்டும். மனிதர் காலையிலிருந்து லாட்ஜ் அறையைச் சாத்திக்கொண்டு எழுதினார், கிழித்தார், மறுபடி எழுதினார். அந்த ஒரு நிமிடம் சொதப்பினால் அண்ணனுக்குத் துரோகம் செய்தது போலாகிவிடும் என்று பயம்.

மத்தியானம் ஜெசிந்தாவிடம் போனார். ஒளிபரப்பை இயக்குபவர் அவர். வயதில் இவரைவிடச் சின்னவர்தான். இருந்தாலும் இவருக்கு மைக்கில் பேசக் கற்றுக்கொடுத்தவர் என்பதால், டீச்சர்.

திருமாறன் வாசித்துக் காட்டினார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கு சார். பதினோராம் நம்பர் யாரு?"

திருமாறன் இன்றைய ஆட்டக்காரர்கள் பட்டியலைப் பார்த்தார். "வேலாயுதம்னு போட்டிருக்கு. புதுசு. மாற்று ஆட்டக்காரர்."

"எந்த ஊரு?"

"தெரியலையே டீச்சர்."

எப்படித் தெரியும்? ஆட்ட நாளில் மாசிலாமணி காலை இட்லியை ஆட்டக்காரர்களோடுதான் சாப்பிடுவார். நாள் முழுக்க பெஞ்சைத் தேய்க்கப் போகிறவனிடம்கூட ஊர் எது, வீட்டில் யார் யார் டிவி பார்ப்பார்கள் என்று விசாரிப்பார். இன்றைக்கு அந்தப் பக்கம் யாருமே போகவில்லை.

"இன்னைக்கு ஒரு நாள் அதை விட்ருங்க டீச்சர். நாமளே சொல்லலைன்னா அண்ணனை யாரு ஞாபகம் வச்சுக்குவாங்க?"

ஜெசிந்தா பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எங்க தெருவுல ஜெபராஜ்னு ஒருத்தன். ஒரே ஒரு ஆட்டம்தான் ஆடினான். முதல் தடவை எதிரணிப் பக்கம் பாடிப் போனதுமே அமுக்கிட்டாங்க. அதோட சரி, அவன் கபடி. அன்னைக்கு அண்ணன், 'வலை பின்னும் அந்தோணியம்மாளின் மகன் ஜெபராஜ்'னு சொன்னார். பதினெட்டு வருஷம் ஆச்சு. அந்தம்மா இன்னமும் வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் அதைச் சொல்லி அழுவாங்க."

"அண்ணன்தான் சொன்னார்னும் சொல்லுவாங்களா?"

"அவர் பேரே அவங்களுக்குத் தெரியாது சார்."