மணி அடிக்காத போன்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. இது நடந்த ஆய்வகத்தில் கொஞ்ச காலம் இருந்தவர் சொன்னார். அவரும் கேள்விப்பட்டதுதான்.

தூத்துக்குடிப் பக்கம் மூடிக்கிடந்த ஐஸ் பாக்டரியில் பூரணவல்லி என்பவர் அந்த ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். கட்டுரை எழுதி அடுக்க அல்ல. கடற்கரைக்காரர்கள் புழங்கும் பொருளைச் செய்ய. அங்கே ஒரு வழக்கம் உண்டு. பொருளைச் செய்தவரேதான் கோளாறு சொல்லும் போனையும் எடுக்க வேண்டும். கூப்பிடாத வீட்டுக்குப் போகக் கூடாது.

முதலில் செய்தது, தூறலில் நனையாமல் கருவாடு காயவைக்கும் மூடி போட்ட மரப்பெட்டி. செய்தவர் தஸ்நேவிஸ். பூரணவல்லிக்கு வயதில் மூத்தவர், ஆனால் அவருடைய சீடர்.

முதல் வருடம் போன் ஓயவில்லை.

"பெட்டியா வே இது? எலிக்குப் பந்தி வச்சிருக்கீரு!"

தஸ்நேவிஸ் ஓடினார். கம்பிவலை அடித்தார், கீலை மாற்றினார். மூன்றாம் வருடம் போன் அடங்கிப்போனது. அந்த ஏச்சுக்காக அவர் ஏங்க ஆரம்பித்தார். சோற்றைப் பிசையும்போதும் ஒரு காது போனிடமே இருந்தது.

ஒருநாள் கேட்டேவிட்டார்.

"மேடம், துறைமுகத்துல வேலை வந்திருக்கு. திங்கக்கிழமை பதில் சொல்லணும். நம்ம பெட்டி பொழங்குதா, இல்ல அடுப்புக்குப் போயிட்டா? அது தெரிஞ்சாப் போதும்."

"வாங்க அண்ணாச்சி, டீ குடிப்போம்" என்றார் பூரணவல்லி.

கடற்கரையோரம் ஒரு டீக்கடை. எதிரே ஒரு வீட்டு வாசலில் பெட்டி திறந்திருந்தது. பக்கத்தில் நின்ற இளம்பெண் அண்டைவீட்டுக்காரியோடு மும்முரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். தூறல் விழுந்தது. முன்பென்றால் கருவாட்டை மூடக் கரையே பாயும் சாக்குமாக ஓடும். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் இடுப்பால் இடித்து மூடியைச் சாத்தினாள். சண்டை நிற்கவில்லை.

தஸ்நேவிஸ் எழுந்து அவளிடம் போய்விட்டார்.

"பெட்டி எப்படிம்மா இருக்கு?"

"இதா? நான் வாக்கப்பட்டு வரும்போதே இங்கதான் கெடக்கு. நீங்க யாரு?"

நனைந்தபடி திரும்பி வந்தார்.

"யாருன்னு கேக்கா, மேடம்."

"கூப்பிடாத வீட்டுக்குப் போனா கேக்கத்தான் செய்வா."

"உங்களுக்கு இந்தக் கடை எப்படித் தெரியும்?"

"மாசம் ஒருநாள் வந்து உக்காருவேன்." பூரணவல்லியின் கண் பெட்டியை விட்டு அகலவில்லை. "இன்னொரு டீ சொல்லுங்க அண்ணாச்சி. மழை விடட்டும். அவ மூடியத் திறக்கதப் பாத்துட்டுப் போவோம்."

அந்தக் கோளாறு போனின் எண்ணைத் தேடிப் பிடித்து, போன வாரம் கூப்பிட்டுப் பார்த்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"தஸ்நேவிஸ் பேசுதேன். சொல்லுங்க, என்ன கோளாறு?"