பித்தளைத் தகடு வாங்கிய பரிசு

குன்னூர்ச் சரிவில் ஒரு கண்ணாடி வீடு. அதற்குள் முந்நூறு கள்ளிச்செடிகள். எல்லாவற்றுக்கும் நடுவில், பீங்கான் தொட்டியில் பூசணி போல உருண்டிருந்தது ஒரு மஞ்சள் முள் கள்ளி. அதன் தொட்டியில் பெயரும் வயதும் வெட்டிய பித்தளைத் தகடு ஒன்று நிமிர்ந்து நின்றது. கள்ளியின் விலாவில் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது, எலுமிச்சம்பழ அளவுக்கு.

தகட்டுக்கு வாய் ஓயாது. "எங்கள் வம்சம் தெரியுமா? கடல் தாண்டிய பாலைவனம். துரை ஒருவர் கழுதையில் வந்து பாறையிடுக்கிலிருந்து பெயர்த்தெடுத்தார். கப்பலில் நூறு பேர் ஏறினோம், மூன்று பேர் இறங்கினோம்."

"மீதித் தொண்ணூற்றேழு பேர்?" என்று கேட்டது குட்டி.

"அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அப்புறம் அவர்களைப் பற்றி என்ன பேச்சு?"

மலர்க் கண்காட்சி நெருங்கியது. செடி கொழுகொழுவென்று தெரிய வேண்டும் என்று வீட்டுக்காரர் தேவநேசன் தினமும் தண்ணீர் ஊற்றினார். மாதம் ஒரு வாய் குடிக்கிற ஜென்மம் அது. பத்தாம் நாள் தாய்க்கள்ளி முனகியது.

"குட்டி, அடியில் நசநசவென்று இருக்கிறது. வேர் போய்விட்டது. அழுகல் உன்னிடம் வருவதற்குள் எப்படியாவது என்னைவிட்டுப் போய்விடு."

"எப்படிப் போவேன்? எனக்குக் காலா இருக்கிறது?"

"உளறாதீர்கள்!" என்றது தகடு. "என்மேல் எண்பது வயது என்று வெட்டியிருக்கிறது. நாம் அழுகுகிற சாதியா?"

மறுநாள் தோட்டக்காரர் பொன்னுரங்கம் குனிந்து மோந்து பார்த்தார்.

"ஐயா, அடி அழுகிருச்சுங்க. குட்டிய அறுத்து நிழல்ல காயப்போட்டா, அதாச்சும் பொழைக்கும்."

தேவநேசன் செடியைப் பார்க்கவில்லை, தகட்டைத்தான் பார்த்தார். "எண்பது வருஷத்துச் செடிய்யா இது. இதுக்குப் போய் சீக்கு பாக்கறியே! போ, போய் அந்தத் தகட்டைப் புளி போட்டுத் தேய்."

தாய் அன்றே பேச்சை நிறுத்திவிட்டது. உள்ளே எல்லாம் கூழாகி வடிந்துபோக, வெளியே தோலும் முள்ளும் மட்டும் விறைப்பாக நின்றன. அழுகல் அங்குலம் அங்குலமாக ஏறிவருவது குட்டிக்குத் தெரிந்தது. கத்திப் பார்த்தது, யாருக்கும் கேட்கவில்லை.

கண்காட்சி நாள் காலை தேவநேசன் தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"சே, இந்தக் குட்டி செடியோட உருண்டை வடிவத்தைக் கெடுக்குது!"

கத்தியை எடுத்தார். ஒரே அறுப்பு. குட்டி ஜன்னல் வழியாகப் பறந்து, கொட்டகை நிழலில் கிடந்த ஜல்லிக் குவியலில் விழுந்தது. அறுத்த இடம் காய்ந்து தோல் கட்டியது. மூன்றாம் வாரம் நூல் போல ஒரு வேர் எட்டிப் பார்த்தது. காப்பாற்ற வேண்டும் என்று செய்திருந்தால்கூட அவர் இவ்வளவு சரியாகச் செய்திருக்க மாட்டார்.

அறுத்த அன்றே, அங்கே கண்காட்சியில் நடுவர்கள் கண்ணாடியை மூக்கில் ஏற்றி முதலில் தகட்டைப் படித்தார்கள். பிறகு போனால் போகிறதென்று செடியையும் பார்த்தார்கள். ஒருவர் பேனாவால் தட்டினார். டொக்கென்றது.

"என்ன கம்பீரம்! முற்றிய கட்டை!"

முதல் பரிசு. ஜீப்பில் திரும்பும்போது ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்க, பரிசு பெற்றது பொலபொலவென்று உதிர்ந்தது. தேவநேசன் கலங்கவில்லை. நர்சரியில் அதே அளவில் ஒன்றை வாங்கி நட்டு, அதே தகட்டைச் செருகினார்.

"சொன்னேனே, எங்கள் வம்சம் அழியாது!" என்றது தகடு.

அடுத்த மழைக்காலத்துக்குப் பின் அந்தப் 'பரிசுச் செடி'யைப் பார்க்க விருந்தாளிகள் வந்தார்கள். வந்தவர்களில் ஒரு அம்மாள் ஜல்லிக் குவியலருகே நின்றார்.

"இது என்னங்க, இவ்வளவு செழிப்பா? பேரே போடலையே?"

"அதுவா? ஏதோ களை." தேவநேசன் குனிந்து இழுத்தார். "ஆ!" என்று கையை உதறினார். விரலில் ரத்தம். "பொன்னுரங்கம், இதைப் பிடுங்கி எறி!"

பொன்னுரங்கம் இருந்த இடத்திலிருந்து நகரவில்லை.

"வராதுங்க ஐயா. அது வேர் பிடிச்சிருச்சு."