கறுப்புத் திரையில் கடைசிச் சத்தம்

பரிமளா மேடம் கல்லூரியில் எடிட்டிங் சொல்லிக்கொடுப்பவர். மாணவர்கள் எதைக் கொண்டுவந்து காட்டினாலும் முதலில் படத்தோடு பார்ப்பார். பிறகு மானிட்டரை அணைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்பார். முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். அது அவருக்கும் தெரியும்.

ஒரு மதியம் செல்வின் எடிட்டிங் அறைக்கு வந்தான். பாளையங்கோட்டைப் பையன், கடைசி வருடம். அவன் குழு ஒரு சைக்கலாஜிக்கல் த்ரில்லருக்கு டிரெய்லர் செய்யவேண்டும். படம் கிடையாது, டிரெய்லர் மட்டும்தான். படிப்பில் இப்படியும் உண்டு.

ஷாட்டுகளை எழுதிய அட்டைகளை மேசையில் வரிசையாகப் பரப்பினான். பூட்டிய அறை. உள்ளே மனம் பிசகிய ஒருவன். அவன் திரும்பிப் பார்க்கிறான். திரை கறுப்பாகிறது. கடைசி அட்டையில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

"மேடம், திரை கறுப்பானதும் ஒரே ஒரு சத்தம் வரணும். கேக்கிறவன் ஆடிப்போயிரணும். என்ன சத்தம் வைக்கலாம்?"

"இதுவரைக்கும் என்ன வச்சுப் பாத்த?"

"அலறல் வச்சோம். கண்ணாடி உடையிற சத்தம் வச்சோம். கேட்டா சிரிப்புதான் வருது. திங்கக்கிழம சப்மிஷன் மேடம், எனக்கு ஒண்ணுமே ஓடல."

"எடுத்ததப் போடு."

போட்டான். கதவிடுக்கு வழியாக ஃபோனில் எடுத்த காட்சி. தாடி மண்டிய இளைஞன் ஒருவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மெல்லத் திரும்பினான். கேமராவையே பார்த்தான், உதடுகள் அசைந்தன. அடியில் இசை உறுமியது. மேடம் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டார்.

"யாரு இந்தப் பையன்? நல்லா நடிச்சிருக்கானே."

"நடிப்பு இல்ல மேடம். எங்க அண்ணன். ரொம்ப நாளா அவனுக்கு மனசு சரியில்ல. ஃப்ரெண்ட்ஸ் நடிச்சப்ப பல்வலிக்காரன் மாதிரி இருந்துச்சு. அதான் அண்ணன அவனுக்குத் தெரியாம எடுத்தேன்."

"இப்ப வீட்லதான் இருக்கானா?"

செல்வின் அட்டைகளை நேராக்கினான். அவை நேராகத்தான் இருந்தன.

"இல்ல மேடம். இது எடுத்த மறுநாள் காலைல அம்மா கதவத் திறந்ததும் போனவன்தான். இன்னும் வரல. ஸ்டேஷன்ல சொல்லியிருக்கோம். அப்பா ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டுன்னு ஒரு இடம் விடாமத் தேடுறாங்க. எனக்கு நம்பிக்கை போயிருச்சு."

மேடம் காட்சியைப் பின்னால் ஓட்டி, உதடுகள் அசையும் இடத்தில் நிறுத்தினார்.

"திரும்பினதும் ஏதோ சொல்றானே. என்ன சொல்றான்?"

"தெரியல மேடம். திரும்புறது பீட்ல விழணும்னு மியூசிக்க இயர்ஃபோன்ல கேட்டுக்கிட்டேதான் எடுத்தேன். எடிட்ல போட்டதுமே ஆடியோவ மியூட் பண்ணிட்டேன். அவன் எந்நேரமும் எதையாவது முணுமுணுத்துக்கிட்டுதான் இருப்பான்."

மேடம் இசையை நிறுத்தினார். ஃபோனில் பதிவான ஒலியைத் திறந்து, கூட்டி வைத்தார். மானிட்டரை அணைத்தார்.

முதலில் மின்விசிறி ஓடும் சத்தம். அடுப்படியில் குக்கர் விசில். அப்புறம் அண்ணனின் குரல். தணிவாக இருந்தாலும் ஒவ்வொரு வார்த்தையும் விளங்கியது.

"ஏலே, நின்னுக்கிட்டே எடுத்தா கால் வலிக்கும்லே. உள்ள வந்து உக்காந்து எடு."

உடனே கதவு சாத்தும் சத்தம். அதன் பின்னால் வெளித்தாழ்ப்பாள் விழும் சத்தம். அத்தோடு பதிவு முடிந்தது.

"கதவ யாரு சாத்துனா?" என்று மேடம் கேட்டார்.

"நான்தான் மேடம். ஷாட் கிடைச்சிருச்சு. அதான்."

மேடம் ஒன்றும் எழுதாத அந்தக் கடைசி அட்டையை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

செல்வின் அதைத் தொடவில்லை. "இது வெறும் கதவுச் சத்தம் மேடம். எல்லா வீட்லயும் கேக்கிறதுதான். இதுக்குப் போயி யாரு பயப்படுவா?" என்றான்.

"அப்பச் சரி. இன்னொரு தடவ போடுறேன், கேளு" என்றார் மேடம்.

செல்வின் இரண்டு கைகளையும் விரித்துக் கீபோர்டை மூடிக்கொண்டான்.