நிழல் கொடுத்த குத்துக்கல்

மரமே இல்லாத மேட்டுக்காடு அது. நடுவில் இரண்டாள் உயரத்துக்கு ஒரு குத்துக்கல். ஆடு மேய்க்கும் தேவாத்தாளுக்கு வெயில் நேரத்தில் அந்தக் கல்தான் நிழல்.

"இது மூவாயிரம் வருசத்துக் கல். செத்தவரைப் புதைத்த இடத்தில்தான் இப்படி நடுவார்கள். யாரும் தொடக் கூடாது" என்றார், பாதுகாப்புப் பலகை நட வந்த தொல்லியல் துறை அதிகாரி.

கல்குவாரி முதலாளி சென்னியப்பன் சிரித்தார். "மூவாயிரமாவது, நாலாயிரமாவது! எங்க பாட்டன் கையால நட்டதுங்க. என்ர காடு, என்ர கல்லு. நாளைக்கே வெடி வைக்கப் போறேன்."

சென்னியப்பனின் பங்காளிகளோடு ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. தேவாத்தாள் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லைக் கும்பிட்டாள்.

"ஏனுங்க முதலாளி, உங்க பாட்டன் நட்டாருன்னா, கீழ படுத்திருக்கறது அவரைப் பெத்தவருதானுங்களே? நாளைக்கு அவருக்கு வெடி வைக்கறீங்களா, படையல் வைக்கறீங்களா?"

சென்னியப்பனின் பங்காளிகள் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றினார்கள். அவர் எல்லோர் முகத்தையும் பார்த்தார். பிறகு குனிந்து தன் செருப்பையும் கழற்றினார்.

ஆடி அமாவாசைக்கு முதலாளி வீட்டிலிருந்து வடை பாயசத்தோடு படையல் வந்தது. தேவாத்தாள் தன் இலையிலிருந்து முதல் கவளத்தைக் கல்லடியில் வைத்தாள்.

"யாரு பெத்த சாமியோ, இத்தனை வருசம் எனக்கு நெழலு குடுத்தே. உனக்கு ஒரு பேரனைப் புடிச்சுக் குடுத்துட்டேன். என்னால ஆனது அவ்வளவுதான்."