கழுதை கண்ட நீரூற்று

மொராக்கோ நாட்டின் பழைய நகரம் ஒன்றுக்கு, மலைநாட்டுக் கழுதை ஒன்று முதன்முதலாக உப்பு மூட்டை சுமந்து வந்தது. நல்ல வெயில். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எசமானோ அதைச் சந்தில் நிறுத்திவிட்டுப் புதினா டீ குடிக்கப் போய்விட்டார்.

தண்ணீர்ச் சத்தம் கேட்டுச் சந்து முக்கில் திரும்பிய கழுதை அப்படியே நின்றுவிட்டது. எதிரே ஒரு நீரூற்று! சுவர் முழுக்க நீலமும் பச்சையுமாய்ச் சின்னச் சின்ன ஓடுகள், நட்சத்திரத்துக்குள் நட்சத்திரமாகக் கூடியிருந்தன. மேலே தேவதாரு மரத்தில் பூவேலை. பித்தளைக் குழாயிலிருந்து தண்ணீர் பளிங்குத் தொட்டியில் விழுந்துகொண்டே இருந்தது.

"அம்மாடி! சொர்க்கத்தின் வாசலா இது?" என்றது கழுதை. ஒரு கணம் தாகம்கூட மறந்துபோனது.

தொட்டியின் மறைவில் ஒரு பூனை பதுங்கியிருந்தது. தண்ணீர் குடிக்க வரும் சிட்டுக்குருவிகள்தான் அதன் அன்றாடச் சாப்பாடு. இவ்வளவு பெரிய உடம்பு குறுக்கே நின்றால் எப்படிப் பாய்வது?

"ஏய், நில்! இது சுல்தான் குடிக்கிற தண்ணீர்!" என்று சீறியது பூனை.

"ஒரே ஒரு வாய், பூனையக்கா!"

"உன் வாயை இதிலா வைப்பாய்? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! போ, சாக்கடையில் குடி!"

கழுதைக்கு வெட்கமாகிவிட்டது. 'நியாயம்தான். மூட்டை சுமக்கிறவனுக்கா இவ்வளவு அழகைக் கட்டுவார்கள்?' என்று திரும்பியது. ஆனால் கால்கள் தள்ளாடின. விழாமலிருக்கத் தாடையைத் தொட்டி விளிம்பில் சாய்த்துக்கொண்டது.

அங்கே கல்லில் ஒரு பள்ளம், வழவழவென்று தேய்ந்திருந்தது. தாடை அதில் அளவெடுத்தாற்போல் பொருந்தியது! பக்கத்தில் இன்னொரு பள்ளம். அதற்கடுத்து இன்னொன்று.

கழுதை மெல்லக் கேட்டது: "பூனையக்கா, உங்கள் சுல்தான் நாலு காலில் நின்றா தண்ணீர் குடிப்பார்?"

பூனை வாலைச் சுருட்டிக்கொண்டு பின்வாங்கியது.

"எத்தனை தலைமுறைக் கழுதைகள் வாய் வைத்துத் தேய்ந்த கல் இது!" என்று சொல்லிவிட்டுக் கழுதை வயிறு முட்டக் குடித்தது. அது நின்ற தைரியத்தில் குருவிகளும் இறங்கிக் குடித்தன. பூனை பட்டினியோடு நடையைக் கட்டியது.

பிறகு கழுதை நிமிர்ந்து அந்தச் சுவரை மறுபடி பார்த்தது. "ஒரு கழுதையின் தாகத்துக்கா இத்தனை அழகு!" என்றது. அதன் கண்கள் நிறைந்துவிட்டன.

ஊருக்காகக் கட்டிய அழகு எளியவருக்கும் சொந்தம். அதற்குத் தானே காவல் என்று யாரோ சொல்வதை நம்பித் தாகத்தோடு திரும்பாதே.