ராஜா ஏறி நின்ற பாறை

எந்த ஊர், எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். கேட்டால் கதை நின்றுவிடும். முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. நாட்டுக்கு ஓர் ஏரி இருந்தது. ஏரிக்கு ஒரு படகு இருந்தது. படகுக்கு ஒரு ராஜா இருந்தான். நாட்டுக்குத்தானே ராஜா என்று நீங்கள் கேட்கலாம். அவன் நாட்டைப் பார்த்த நேரத்தைவிடப் படகில் இருந்த நேரம் அதிகம், அதனால் அப்படிச் சொன்னேன்.

அவன் பெயர் உல்லாசவர்மன். பெற்றவர்கள் பெயர் வைக்கும்போது கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

கெட்டவன் என்று சொல்ல முடியாது. வரி குறைவாக வாங்கினான், பசித்து வந்தவனுக்குச் சோறு போட்டான், யாரையும் வீணாகத் திட்டமாட்டான். ஆனால் பொழுது சாய்ந்தால் அவனுக்கு மூன்று வேண்டும். கள் வேண்டும், பாட்டு வேண்டும், படகு வேண்டும். மூன்றும் ஒரே இடத்தில் வேண்டும். அங்கேதான் வந்தது வினை.

அவன் மனைவி செண்பகவல்லி. அந்த அரண்மனையில் புத்தியோடு இருந்த சிலரில் ஒருத்தி. குடிப்பதானால் கரையில் குடியுங்கள், படகேறுவதானால் குடிக்காமல் ஏறுங்கள் என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். அன்பாகச் சொன்னாள், அழுது சொன்னாள், கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போயும் சொன்னாள். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. அவளுக்காக நியாயம் கேட்கப் பிறந்த வீட்டிலிருந்து வந்த அவள் தம்பி நம்பியோ, வந்த வேலையை விட்டுவிட்டு, ராஜாவோடு படகில் உட்கார்ந்து குடிக்கத் தொடங்கிவிட்டான். யாரிடம் போய் முறையிடுவது?

"கள் என்ன செய்யும்?" என்பான் ராஜா. "நான் தெளிவாகத்தான் இருக்கிறேன்." சொல்லிவிட்டுத் தூணைப் பிடித்துக்கொள்வான்.

முதல் முறை படகு கவிழ்ந்தது கரையோரத்தில். ஒரு தாமரையைப் பார்க்க ராஜா, நம்பி, பாடகர்கள் என்று எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து ஓடினார்கள். படகு என்ன செய்யும், பாவம்! ஒரு பக்கம் சாய்ந்தது. எல்லாரும் சேறும் பாசியுமாகக் கரையேறினார்கள்.

மறுநாள் ராஜா நீதி விசாரித்தான். "கள் என்ன செய்யும்? படகுதான் செய்தது" என்று தீர்ப்புச் சொன்னான். நல்ல தேக்குப் படகு. அதை அறுத்து அரண்மனை அடுப்பில் வைத்தார்கள். ராணி தலையில் அடித்துக்கொண்டாள்.

புதுப் படகு வந்தது. அதோடு கள்குடமும் ஏறியது. இரண்டாம் முறை நம்பி படகின் விளிம்பில் நின்று நாட்டியம் ஆடினான். அவனுக்குத் தரையிலேயே ஆட வராது. படகு புரண்டதில் அவன் கால் விளிம்புக்கும் படித்துறைக்கும் நடுவே மாட்டி முறிந்தது. அன்று முதல் அவன் நொண்டிதான்.

மறுநாள் மறுபடி நீதி. "கள் என்ன செய்யும்? காற்றுதான் செய்தது." அந்தக் காற்று புன்னைத் தோப்பு வழியாக வந்ததாம். தோப்பை வெட்டிச் சாய்த்தார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவனோ கூடத்தையே இடித்துவிட்டான். ராணி மறுபடி தலையில் அடித்துக்கொண்டாள். தம்பியின் காலுக்குப் பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டே அவனைத் திட்டித் தீர்த்தாள். அவன் வலிக்கிறது என்றானே தவிர, தப்பு என்று சொல்லவில்லை.

மூன்றாம் முறை நடந்ததுதான் கதை. சற்றுக் கிட்டே வந்து கேளுங்கள்.

அந்தப் படகில் குடிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவன் ஓடக்காரன் வீரணன். மற்றவன் மத்தளக்காரன் தாண்டவன். குடித்தால் கை தாளம் தப்பும் என்று தாண்டவன் கள்ளைத் தொடமாட்டான். ராஜா அதற்காக அவனைக் கேலி செய்வான். தாண்டவன் சிரித்துக்கொண்டே மத்தளத்தைத் தட்டுவான். வீட்டில் அவனுக்குக் காவம்மை என்று ஒரு மனைவி. இருட்டுவதற்குள் வந்துவிடு என்று சொல்லித்தான் அவனை அனுப்புவாள்.

அன்று நடு ஏரியில் ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தது. துடுப்பைக் கொடு, நானே ஓட்டுகிறேன் என்று எழுந்தான். வீரணன் கையெடுத்துக் கும்பிட்டான், உட்காருங்கள் என்று கெஞ்சினான். ராஜா துடுப்பைப் பிடுங்கினான். எனக்குத்தான் ஓட்டத் தெரியும் என்று நம்பி அதன் மறுமுனையைப் பிடித்து இழுத்தான். படகு கவிழ்ந்தது.

அங்கே தண்ணீர் ஓர் ஆளுக்கு மேலே ஆழம். வீரணன் நம்பியைக் கரைசேர்த்தான், பாடகர்களைக் கரைசேர்த்தான், கடைசியில் ராஜாவையும் கரைசேர்த்தான். தாண்டவனையும் கொண்டுவந்து சேர்த்தான். ஆனால் அவனுக்கு உயிர் இல்லை.

மறுநாளும் நீதி மண்டபம் கூடியது. "கள் என்ன செய்யும்? ஓடக்காரன்தான் செய்தான்" என்றான் ராஜா. படகைக் கவிழ்த்ததற்கும், ஒருவனைச் சாகவிட்டதற்கும் வீரணனுக்குத் தலை போக வேண்டும் என்று தீர்ப்பானது. எய்தவன் இருக்க அம்பை நோவது இதுதான். வீரணன் வாயைத் திறக்கவில்லை. அவனைச் சிறையில் போட்டார்கள்.

இந்த முறை ராணி தலையில் அடித்துக்கொள்ளவில்லை. படகு போனால் செய்யலாம், தோப்பு போனால் நடலாம். கழுத்தை வெட்டினால் எதைக்கொண்டு ஒட்டுவது? வீரணனை எப்படிக் காப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, ராஜாவே அதற்கு ஒரு வழியைத் தன் வாயால் சொன்னான்.

எப்படி என்கிறீர்களா? தான் பிழைத்த கதையை அவன் சபையில் தினமும் சொல்லிக்கொண்டிருந்தான். முதல் நாள் சொன்னான்: "மூழ்கப் போனேன், என் காலடியில் ஒரு பாறை தட்டுப்பட்டது. ஏறி நின்றேன். மார்புவரை வெளியே தெரிந்தேன்." சபை ஆகா என்றது. இரண்டாம் நாள் இன்னும் நினைவு வந்து சொன்னான்: "அங்கிருந்து பார்த்தால் கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னால் ஒற்றைப் பனை தெரிந்தது. அந்த அழகைப் பார்த்து ஒரு பாட்டு முழுதும் பாடினேன்." சபை ஆகா ஆகா என்றது. மூன்றாம் நாள் சொன்னான்: "அது சாதாரணப் பாறையா! நான் வழுக்கிவிடாமல் என் கணுக்கால் இரண்டையும் பிடித்துக்கொண்டது. தெய்வப் பாறை. அதன்மேல் ஒரு கோயில் கட்டப்போகிறேன்."

சபை எழுந்து நின்று கும்பிட்டது. ராணி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

அவள் சிறைக்குப் போய் வீரணனைக் கேட்டாள். அந்த ஏரியில் பாறை கிடையாது, அடியெல்லாம் களிமண் என்றான் அவன். இதை யாரிடமும் ஏன் சொல்லவில்லை என்றாள்.

"ராசாவே பாறைன்னு சொல்லிட்டாரு, தாயி. இல்லைன்னு நான் சொன்னா யாரு நம்புவா? என் பெண்டாட்டி பிள்ளைகளையும்ல சேத்து இழுத்துட்டு வருவாக."

ராணி அதற்குமேல் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. நேராகப் போய் ராஜாவிடம் சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். படகு, காற்று, ஓடக்காரன் என்று பழிபோட ஆள் தேடிய வாய் இன்னும் ஒன்றைத் தேடும். குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு. இவனுக்கோ விடிந்தும் தெளிவதில்லை, காலையிலேயே அடுத்த குடம் வந்துவிடும். தெளிந்த கண்ணால் அவனே பார்த்தாலொழிய வழியில்லை.

அவள் போய்ப் பக்தியோடு கைகூப்பினாள். தெய்வப் பாறைக்குக் கோயில் கட்டுவது பெரிய புண்ணியம், ஆனால் கட்டுகிறவர் ஒரு மண்டலம் விரதம் இருக்க வேண்டும் என்றாள். விரதத்தில் கள்ளின் வாசனைகூட ஆகாது, கோயில் எழும்வரை யார் தலையையும் வாங்கக் கூடாது என்றும் சொன்னாள். ராஜாவுக்குப் பாறைமேல் அவ்வளவு ஆசை. சரி என்றுவிட்டான்.

முதலில் மீனவர்கள் முங்கித் தேடினார்கள், பாறை இல்லை. பிறகு நீள மூங்கிலால் குத்திப் பார்த்தார்கள், பாறை இல்லை. கோடை வந்து ஏரி பாதி வற்றியது. மிச்சத் தண்ணீரை மதகைத் திறந்து வயல்களுக்கு விடச் சொன்னாள் ராணி. இனி நீங்களே இறங்கிப் பாருங்கள் என்றாள்.

ராஜாவுக்கு முதலில் கை நடுங்கியது, பிறகு தூக்கம் போனது, பிறகு மெல்லத் தெளிந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்று காலையில்தான் அவன் நேராக நடந்தான்.

ஊரே ஏரிக்கரையில் கூடியிருந்தது. வீரணனை விலங்கோடு கொண்டுவரச் சொல்லியிருந்தாள் ராணி. தாண்டவனின் மத்தளம் அகப்படுமா என்று பார்க்கக் காவம்மையும் வந்திருந்தாள்.

ராஜா வெடித்த களிமண்ணில் நடந்தான். கோபுரத்தைப் பார்த்தான், பனையைப் பார்த்தான். கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தான். இன்னும் கொஞ்சம். கோபுரத்துக்கு நேர் பின்னால் ஒற்றைப் பனை வந்து நின்றது. "இதுதான் இடம்" என்று மகிழ்ச்சியோடு சொல்லிக் கீழே பார்த்தான்.

களிமண் இருந்தது. பாறை இல்லை. அதில் பாதி புதைந்து ஒரு மத்தளம் கிடந்தது.

காவம்மை ஓடிவந்து அதைத் தோண்டி எடுத்தாள். ராஜா அவளைப் பார்த்தான், மத்தளத்தைப் பார்த்தான், தன் கணுக்காலைப் பார்த்தான்.

ராணி அவன் பக்கத்தில் வந்து நின்றாள். இத்தனை வருஷம் கத்திக் கத்தி ஓய்ந்தவள் அன்று மெல்லக் கேட்டாள். "பாறைக்குக் கை உண்டா?"

ராஜா வீரணன் பக்கம் திரும்பினான். "வீரணா, நீ என்ன பார்த்தாய்? உண்மையைச் சொல். உன் வீட்டாருக்கு ஒன்றும் வராது" என்றான்.

"தாண்டவண்ணன் முங்கிப் போய் உங்களைத் தோள்ல தாங்கிட்டாரு, ராசா. கால் ரெண்டும் சேத்துல புதைஞ்சு போச்சு. கவுந்த படகு உங்க கைக்கு எட்டுற தூரத்துலதான் மிதந்துச்சு. அதைப் பிடிச்சுக்குங்க, அவரை விடுங்கன்னு நீந்திக்கிட்டே கத்தினேன். நீங்க பாடிக்கிட்டு இருந்தீக."

ஒரு பாட்டு முழுதும். சபையில் ராஜாவே சொன்னானே, மறந்துவிட்டீர்களா? ஊரில் ஒருவரும் மறக்கவில்லை.

ராஜா வாயைத் திறந்தான். பழகிய வாய் அல்லவா? "கள் என்ன..." என்று தொடங்கியது. அதற்குமேல் வரவில்லை. சுற்றிலும் பார்த்தான். படகு இல்லை, தண்ணீர் இல்லை, காற்றுகூட அசையவில்லை. பழிபோட அங்கே ஒன்றுமே இல்லை. அந்தக் களிமண்ணிலேயே உட்கார்ந்து, என் காலால் கொன்றேன், என் காலால் கொன்றேன் என்று அழுதான்.

பிறகு அவனே எழுந்து வீரணனின் விலங்கைக் கழற்றினான். காவம்மையின் முன்னால் போய்க் கைகூப்பி நின்றான். அதே இடத்தில் தாண்டவனுக்குக் கோயில் கட்டுகிறேன், பொன்னால் கலசம் வைக்கிறேன் என்றான்.

காவம்மை மத்தளத்தில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கோயில நான் என்ன பண்ண? இருட்டுறதுக்குள்ள வந்துருன்னு சொல்லி அனுப்பினேன். அந்த மனுசனைக் குடுங்க, போதும்."

நொண்டிக்கொண்டு நின்ற நம்பி, முதல் முறையாகத் தலையைக் குனிந்துகொண்டான்.

அதன்பின் அந்த ஏரியில் மறுபடி தண்ணீர் வந்தது, படகும் வந்தது. படித்துறையில் வீரணன் நின்றான். குடித்துவிட்டு வந்தவன் யாராக இருந்தாலும், அவன் படகில் கால் வைக்க முடியாது. சில சமயம் வெளியூர்க் கனவான்கள் வந்து, நாங்கள் தெளிவாகத்தான் இருக்கிறோம், கள் என்ன செய்யும் என்று வம்பு பண்ணுவார்கள். அப்போது பக்கத்தில் நிற்கும் ராஜா, ஏரியின் நடுவே, கோபுரமும் பனையும் ஒரே கோட்டில் வரும் இடத்தைக் கைநீட்டிக் காட்டுவான்.

குடித்துவிட்டுப் படகேறுகிறவன் தன் உயிரோடு மட்டும் விளையாடவில்லை, தன்னைக் காப்பாற்ற வருகிறவன் உயிரையும் காலடியில் போட்டு மிதிக்கிறான்.