கூழைக்கடாவுக்கு ஓர் ஓடுதளம்

வெயிலில் குளம் வற்றிச் சேறாகிவிட்டது. கரையோரக் கோரைப்புல்லில் குஞ்சு பொரித்திருந்த கூழைக்கடாவுக்குத் திண்டாட்டம். முன்பெல்லாம் தண்ணீரில் சறுக்கி இறங்குவாள். இப்போது சேற்றில் இறங்கினால் கால் புதையும். தூரத்து ஏரியிலிருந்து தொண்டைப்பை நிறைய மீனோடு வருபவள், வேறு வழியின்றிப் பக்கத்து யானைத்தடத்தில் இறங்கினாள். காட்டுக்கு அதுதான் நெடுஞ்சாலை. இரண்டு முறை யானைக் காலில் மிதிபடப் பார்த்தாள்.

முள்ளம்பன்றிக்கு மனசு கேட்கவில்லை. தடத்தை ஒட்டியே ஓர் ஓடுதளம் போட்டுத் தருவதாகச் சொல்லி, உதிர்ந்த முள்ளால் மணலில் படம் வரைந்தது. இடம் எது தெரியுமா? அதன் வளைக்கு நேர் எதிரே. போகிற வருகிற யானைகளெல்லாம் பார்த்து மெச்ச வேண்டாமா?

"அண்ணே, இங்கே மேல்காத்து குறுக்கே அடிக்குது. தடம் மேற்கே வளையுதே, அங்கே போட்டா காத்தை எதிர்த்து இறங்கிடுவேன்" என்றாள் கூழைக்கடா.

"அங்கே ஒரே கல்லு. நீ இறங்குற வேலையை மட்டும் பாரும்மா. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

முயல்கள் புல்லைக் கடித்து அகற்றின. கீரிகள் மண்ணைத் தள்ளிச் சமன் செய்தன. தளம் கோடு போட்டதுபோல அழகாக இருந்தது.

முதல் நாள் கூழைக்கடா தாழ்ந்து வந்தாள். காற்று ஒரு பக்கச் சிறகைத் தூக்கிவிட்டது. உருண்டு போய்த் தடத்தின் நடுவில் விழுந்தாள். எதிரே யானைக்கூட்டம்! முன்னால் வந்த யானை தூக்கிய காலை அந்தரத்திலேயே நிறுத்திக்கொண்டது.

"குஞ்சு வச்சிருக்கிறவ இப்படியா நடுரோட்டுல உருளுறது?" என்று கடிந்துகொண்டது.

உயிர் தப்பியது. ஆனால் சிதறிய மீனையெல்லாம் பருந்துகள் கொத்திப் போய்விட்டன. அன்று முழுக்கக் குஞ்சுகள் பசியில் கத்திய கத்தல் முள்ளம்பன்றியின் வளைவரை கேட்டது.

மறுநாள் விடிந்ததும் அது தடம் வளையும் இடத்துக்குப் போய், தானே கல் உருட்டத் தொடங்கியது. பெரிய கற்களை யானை தள்ளிக் கொடுத்தது. கூழைக்கடா காற்றைப் பார்த்துச் சிறகை விரித்து நின்றாள். அவள் நின்ற திசைக்கே கோடு கிழித்தார்கள்.

அடுத்த நாள் மீனோடு வந்தாள். மூன்றே எட்டு, நின்றுவிட்டாள். குஞ்சுகள் ஓடிவந்து அவள் பைக்குள் தலையை விட்டன.

"என் வளையிலிருந்து பாத்தா ஒண்ணும் தெரியலையேம்மா" என்றது முள்ளம்பன்றி.

"எனக்கு மேலேயிருந்து நல்லாத் தெரியுதுண்ணே" என்றாள் அவள்.

ஒருவருக்கு உதவி செய்யப் போகும்போது, நம் பெருமையைப் பார்க்காமல் அவர் சொல்வதைக் கேட்டுச் செய்ய வேண்டும்.